சித்திர மரபும் மாணாக்கர் கல்வியும்

சிவாகமங்களும் சிற்ப நூல்களும் திருவுருவங்களை மூவகையாகப் பகுத்துரைக்கும். எப்புறமும் நிரம்ப வடித்த முழுவடிவு சித்திரம் எனப்படும்; முன்புறம் மட்டும் தோன்றச் சுவரோடு ஒட்டிப் புடைத்து நிற்பது சித்திரார்த்தம்; சுவரினும் பலகையினும் துணியினும் வண்ணத்தால் தீட்டப்பெறுவது சித்திராபாசம். இவற்றுள் இறுதியிற் கூறிய சித்திராபாசத்தையே நாம் இந்நாளிற் சித்திரமென்றும் ஓவியமென்றும் வழங்கி வருகின்றோம். ஆபாசம் என்னும் வடசொல் ஈண்டுத் 'தோற்றம்' எனப் பொருள்படுவதன்றி, இக்காலத்தார் வழங்கும் இழிபொருள் உடையதன்று. திரட்சியில்லாத பரப்பின்மேல் திரட்சியுடையதுபோற் காட்டுதலின் அப்பெயர்த்தாயிற்று. இவ்வாறு எழுதிய திருவுருவுக்கு நேரே நீராட்டுதல் இயலாமையின், எதிரே கண்ணாடியை நிறுத்தி, அதன்கண் தோன்றும் நிழற்கு நீராட்டும் வழக்கமும் உண்டு. எழுதிய வடிவும் வழிபாட்டுக்குரிய வடிவே என்பது இதனாற் பெறப்படும்.

இதனை ஐயுறுவார் திருக்குற்றாலஞ் சென்று காண்பாராக. ஆடவல்லான் திருக்கூத்தியற்றும் அவைகள் ஐந்தனுள், திருவாலங்காடு மணியவை, தில்லை பொன்னவை, ஆலவாய் வெள்ளியவை, நெல்லை செப்பவை, குற்றாலமோ சித்திரவவை. ஏனை நான்கினும் கூத்தப்பெருமான் செம்பினும் கல்லினும் எழுந்தருளியிருக்க, குற்றாலத்தில் மட்டும் சுவரெழுத்தாகவே எழுந்தருளியிருக்கின்றான். அருவிக்கு அணித்தாய திருக்கோயிலின் நீங்கித் தனியே குளக்கரையில் மரவேலைப்பாட்டோடு நிற்கும் அவ்வவையில், மார்கழித் திருவாதிரையன்று தாண்டவ தீபாராதனை நிகழும். செப்புத் திருமேனியாயின் நெருப்புக்கும் நீருக்கும் ஒருவாறு தாங்கும். சுவரெழுத்து மழைக்கசிவு ஒன்றனாலேயே மங்கும். மங்கியவழி மீண்டும் எழுதப்பெறுதல் வேண்டும். எனவே ஓவியன் ஒருவன் வழிவழியாக இருந்தாலன்றி அவ்வவை நிலைபெறாது. ஏனைய அவைகட்கு அருச்சகர் எவ்வாறு இன்றியமையாதவரோ, சித்திரவவைக்கு ஓவியனும் அவ்வாறே இன்றியமையாதவன். கற்பிப்பார் இல்லாதொழியின் இறைவன் திருவுருவே மறையும் நிலை பிறிதெங்கும் இல்லை என்று கூறலாம்.

இனி, மாணாக்கர்க்கு நம் நாட்டு மரபோவியத்தை எவ்வாறு கற்பித்தல் தகும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப் புகுந்த பொருள். யான் வாழும் பண்ணைப்புரம், தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குமலை அடிவாரத்தில் உள்ளது. இம்மாவட்டம் 1996-ஆம் ஆண்டு மதுரையினின்று பிரிக்கப்பெற்றது. இக்கம்பம் பள்ளத்தாக்கை வரலாற்றறிஞர் பலர் அறிந்திருப்பது சின்னமனூர்ச் செப்பேடுகளால். பாண்டியர் மெய்ம்மரபையும், மதுரையிற் சங்கம் வைத்தமையையும், பாரதந் தமிழ்ப்படுத்தமையையும் தெரிவிக்கும் அப்பெருஞ் செப்பேட்டைப் படிப்பதற்கு அறிஞர் பலர் முன்வந்தனர், நூல்களும் எழுந்தன. ஆயின் இதே நாட்டில் போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனைச் சுவரில் இராமகாதை வண்ணத்தில் எழுதப்பட்டிருப்பதை எங்கள் பிள்ளைகளுட் பலர் கேள்வியுற்றதும் இல்லை. செப்பேட்டைப் படிக்க வட்டெழுத்தும் கிரந்தமும் தெரிந்தாற் போதும். சுவரைப் படிக்க எவ்வெழுத்துத் தெரியவேண்டும் என்பதை ஒருவரும் கூறிற்றிலர்.

ஓவியம் வரையப் பழகுதல் வேறு. ஓவியத்தைப் படிக்கப் பழகுதல் வேறு. முன்னையது சிலர்க்கே உரியது. பின்னையது எல்லார்க்கும் உரியது. பண்டைத் தமிழர் இப்பின்னைய கல்வியைப் பொதுமக்களிடத்தே நிறுத்தியிருந்தனர் என்பதற்குப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலே சான்று. திருப்பரங்குன்றத்தில் எழுத்துநிலை மண்டபம் ஒன்று இருந்தமையை அப்பாடல் கூறுகின்றது. முருகனை வழிபட வந்தவர் அம்மண்டபத்துட் புகுகின்றனர். காமனும் இரதியும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றனர். பூனை வடிவில் ஓடும் இந்திரனும், கல்லாகிய அகலிகையும், வெகுண்ட கௌதமனும் எழுதப்பட்டிருக்கின்றனர். இவர் யாவர் என ஒருவர் வினவ, உடன்வந்தவர் விடை கூறுகின்றனர். அங்கே ஆசிரியனும் இல்லை, கோலும் இல்லை. அறிந்தவர் அறியாதவர்க்குக் கைகாட்டி உரைப்பதே கல்வியாயிற்று. யான் அறிந்தவரை, ஓவியங் கற்பித்தலைப் பற்றித் தமிழிற் காணும் காட்சிகளுள் இதனினும் தெளிவானது பிறிதில்லை.

வரைதற் கல்வியும் அக்காலத்து இருந்தது. மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று சுட்டும். காண்பார் கண்ணினுள்ளே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது கருத்து. வண்ணம் பெய்யாத வெறுங்கோட்டு வரைவுக்குப் புனையா ஓவியம் என்னும் பெயர் நெடுநல்வாடையில் வழங்குகின்றது. மணிமேகலை, கணிகையர் கற்கும் கலைகளுள் ஓவியச் செந்நூல் ஒன்றைக் கூறுகின்றது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், நிற்றல் இருத்தல் கிடத்தல் இயங்குதல் என்னும் நிலைகளின் வேறுபாடுகள் ஓவிய நூலுட் பலவாகக் கூறப்பட்டுள்ளமையைக் குறிக்கின்றார். பாண்டியருள் ஒருவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் எனப் பெயர் பெற்றான். அந்நூல் இன்று நமக்குக் கிடைத்திலது; நூலின் பெயர் மட்டும் உரையாசிரியர் வாயில் எஞ்சியது.

வடமொழியில் எஞ்சியவற்றுள் விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் தலையாயது. இசுடெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1924-இல் அதனை ஆங்கிலப்படுத்தினார். அதன் மூன்றாங் காண்டத் தொடக்கத்தில் வச்சிரன் என்னும் அரசன் மார்க்கண்டேய முனிவரை அடைந்து, திருவுருவம் அமைக்கும் முறையைக் கற்பிக்க வேண்டுகின்றான். சித்திரம் அறியாதான் திருவுருவம் அறியான் என்கின்றார் முனிவர். அங்ஙனமாயின் சித்திரமே கற்பிக்க என்கின்றான். கூத்து அறியாதான் சித்திரம் அறியான் என்கின்றார். கூத்துக்கு முன் கருவியிசை. கருவியிசைக்கு முன் வாய்ப்பாட்டு. இவ்வாறு அரசன் ஒவ்வொரு படியாகப் பின்னடைந்து, பாட்டிலே வந்து நிற்கின்றான். இக்கதையை யான் மாணாக்கர்க்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் நகைப்பதுண்டு. சிற்பங் கற்க வந்த அரசனைப் பாடச் சொல்வதா என்பர். ஆயினும் பண்ணைப்புரத்துப் பிள்ளைகட்கு இதனை விளக்குதல் எளிது. இசைஞானி இளையராஜா 1943-இற் பிறந்த ஊர் இது. அவர் தமையனார் பாவலர் வரதராசன் ஊர்தோறும் பாட்டைக் கொண்டு சென்றவர். பாட்டு முதற்கல்வி என்பதை இவ்வூரில் மறுப்பார் அரியர்.

மார்க்கண்டேயர் வைத்த முறை வெறும் அலங்காரமன்று. கூத்தன் கைவீச்சில் உள்ள வளைவும், பண்ணில் உள்ள ஏற்ற இறக்கமும், ஓவியன் கோட்டில் உள்ள நெளிவும் ஒன்றே என்பது அதன் கருத்து. இக்கருத்தைத் தம் வாழ்நாளெல்லாம் எடுத்தோதியவர் ஈழத்துச் சைவ மரபிற் பிறந்த ஆனந்த குமாரசாமியவர்கள் (1877–1947). சிவபெருமான் திருக்கூத்தைப் பற்றிய அவர்தம் புகழ்பெற்ற கட்டுரை, நல்லசாமிப் பிள்ளையவர்கள் தொடங்கிய சித்தாந்த தீபிகையில் 1912-இல் வெளிவந்தது என்பதைச் சைவ நன்மக்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. அவர் 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலில், கண்டி நாட்டுக் கம்மியர் மைந்தர்க்குச் சித்திரங் கற்பிக்கும் முறையைக் கண்டறிந்து எழுதியிருக்கின்றார். அங்கே முதற்பாடம் மனித உருவமும் அன்று, பூவும் அன்று, ஒரு வளைகோடு. வளைவோடு எதிர்வளைவைச் சேர்த்து வரையக் கை பழகிய பின்னரே கொடியும், அதன் பின்னரே பூவும், விலங்கும், தேவவடிவும் வரும். ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் உண்டு. சிறுவன் கண்ணெதிரே உள்ள பொருளைப் பார்த்து வரைவதில்லை. உள்ளத்தில் உள்ள வளைவைக் கையில் வருவிக்கின்றான்.

இதனோடு சென்னையில் வந்த புதுக்கல்வியை ஒப்பிடுக. 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தோற்றுவித்தார். கைத்தொழில் வளர்ச்சி கருதியே அது தொடங்கப்பெற்றது. பின்னர்ப் பள்ளிக்கூடங்களிற் பரவிய சித்திரப் பாடமும் அரசினர் தேர்வும் இங்கிலாந்தின் முறையைப் பின்பற்றியன. மேசைமேல் ஒரு பெட்டியும் ஒரு குடமும் வைத்துப் பார்த்து வரைக என்பது அம்முறை. பார்வையைக் கூர்மையாக்குதற்கு அது பயன்படும் என்பதை மறுத்தற்கில்லை; யானும் அப்பயிற்சியின் பயனை மாணாக்கர்பாற் கண்டதுண்டு. ஆயின் அம்முறையொன்றே கற்ற மாணாக்கன் கோயிற் சுவரின் முன் நின்றால், அங்கே நிழல் இல்லை, தூரம் இல்லை, அரசன் பெரியன், ஏவலன் சிறியன் என்று குறை கூறுவான். அரசனைப் பெரிதாக வரைந்தது அறியாமையாலன்று. அவனைக் கண் முதலிற் சென்று பற்றவேண்டும் என்பதற்காக. பெருமை உருவளவாற் காட்டப்படுகின்றது. எழுத்தறியாதான் ஏட்டைக் குறை கூறுதல் போலாம் அம்மாணாக்கன் கூற்று.

அச்சென்னைப் பள்ளியிலே பயின்றும் மரபின்பால் மீண்டவர் ஒருவரை ஈண்டுக் கூறாமற் செல்லுதல் ஆகாது. கோவிற்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு அவர்கள் (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்று, சிலகாலம் திருவண்ணாமலையில் இரமண முனிவர் அடியில் இருந்து, பின் நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை எழுதிக் கோவிற்பட்டியில் தங்கினார். அவரும் அவர்தம் மாணாக்கரும் எழுதிய தெய்வப்படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாகி, இப்பள்ளத்தாக்கின் குடிசைதோறும் தொங்கின. அவர்தம் மாணாக்கர் அவருடன் உறைந்து, வண்ணங் குழைத்து, அவர் விட்ட இடத்தை நிரப்பிக் கற்றனர். புலவர் சிலர் நாட்காட்டிப் படங்களை இகழ்வர். யான் அவ்வாறு இகழேன். ஆலமர் செல்வன் வடிவையும் மீனாட்சியம்மை திருமணத்தையும் எங்கள் பகுதியிற் பல பாட்டிமார் அறிந்தது அப்படங்களால், நூலால் அன்று.

அரசினர் வகையில், மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற சிற்பக் கல்விநிலையம் பின்னர்க் கல்லூரியாகி, சிற்பத்தோடு மரபோவியத்தையும் பட்டப்படிப்பாகக் கற்பித்து வருகின்றது. மகேந்திரவர்ம பல்லவன் சித்திரகாரப்புலி என்று விருது பூண்டவன். அவன் கடற்கரையூரிலே இக்கல்வி நிகழ்தல் பொருத்தமுடைத்தே. எனினும் கல்லூரி சிலர்க்கே ஆவது. பள்ளிப் பிள்ளைகட்கு வேண்டுவது முன்கூறிய படிக்குங் கல்வி.

அக்கல்விக்குத் தஞ்சைப் பெருங்கோயிலினும் சிறந்த பாடம் இல்லை. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமியவர்கள் அக்கோயிற் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றுவழியுட் புகுந்து, நாயக்கர் காலத்து ஓவியப் பரப்பு உதிர்ந்த இடத்தில் அதன் கீழே சோழர் காலத்து ஓவியம் இருத்தலைக் கண்டு வெளிப்படுத்தினார். அங்கே நம்பியாரூரர் வரலாறு முழுதும் எழுதப்பட்டிருக்கின்றது. புத்தூரில் மணவிருந்துக்குச் சமைப்போர் ஒருபால். மணத்தைத் தடுத்து ஆவணவோலை காட்டும் முதியவர் ஒருபால். வெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஒருபால். வெள்ளையானைமேல் ஆரூரரும், குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலை செல்லுதல் ஒருபால். மேலே கயிலைக் காட்சி.

இதன்கண் நூலாராய்ச்சியாளர் நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. பெருங்கோயில் 1010-ஐ ஒட்டி நிறைவெய்தியது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளியது அநபாயன் எனப்பெற்ற இரண்டாங் குலோத்துங்கன் காலத்தில். அவன் ஆட்சி 1133 முதல் 1150 வரை. ஆகவே தடுத்தாட்கொண்ட வரலாறு காப்பியமாதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே ஓவியமாயிற்று. சேக்கிழார்க்குத் திருத்தொண்டத்தொகையும் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் முன்னூல்கள் என்பது யாவரும் அறிந்ததே. அவற்றுள் விரிவாக இல்லாத சில செய்திகள் நாட்டில் வழங்கிய கதையாகவும் எழுதிய சுவராகவும் முன்னமே இருந்தன என்பதற்கு இவ்வோவியம் கண்கூடான கரி. பின்னர் இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரத்தில் நாயன்மார் வரலாறுகள் பெயர்பொறித்த சிற்பங்களாக நிற்கின்றன. அவை பெரியபுராணத்துக்குப் பிற்பட்டவை. தஞ்சைச் சுவரையும் தாராசுரக் கல்லையும் முன்னும் பின்னுமாக வைத்து, நடுவே காப்பியத்தை வைத்துப் பயிற்றினால், ஒரு வரலாறு எவ்வாறு வளர்ந்தது என்பதை மாணாக்கன் தானே உய்த்துணர்வான். இதற்கு உரைநூல் பத்துப் படித்தாலும் ஈடாகாது.

மற்றொன்று. சென்னை அருங்காட்சிச்சாலையில் வேதிநூல் வல்லுநராக இருந்த பரமசிவன் அவர்கள் 1930-களில் அவ்வோவியத்தின் செய்முறையை ஆராய்ந்து, சுண்ணச்சாந்து ஈரம் புலராமுன் வண்ணம் ஏற்றும் முறையில் அது எழுதப்பட்டது என முடிவு கண்டார். ஈரச் சாந்தில் எழுதுவோன் பிழைத்தால் அழித்தெழுத இயலாது. சாந்து உலர்வதற்குள் அன்றைய பகுதி முடிதல் வேண்டும். எனவே கோடு அனைத்தும் சுவருக்கு வருமுன்னரே உள்ளத்தில் முடிந்திருத்தல் வேண்டும். இதனைக் கேட்ட மாணாக்கன் ஒருவன், அழிப்பான் இல்லாத தேர்வு அது என்று கூறினான். நன்கு கூறினான்.

தஞ்சைச் சுற்றுவழியுட் பொதுமக்கள் எளிதிற் செல்லுதல் இயலாது. படிகளும் ஒளிப்படங்களும் கொண்டே கற்பித்தல் வேண்டும். திருவாரூர் அவ்வாறன்று. அங்கே தேவாசிரிய மண்டபத்து விதானத்தில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதிய முசுகுந்தச் சக்கரவர்த்தி வரலாறு உள்ளது. குரங்குமுகம் உடைய அவ்வேந்தன் இந்திரனுக்குத் துணைசென்று, கைம்மாறாகத் தியாகேசரை வேண்ட, இந்திரன் ஒன்றுபோல் ஏழு திருவுருவங்களை வைத்து உண்மை வடிவைத் தேர்க என்றதும், முசுகுந்தன் அதனை உணர்ந்து எடுத்ததும், ஏழு விடங்கத் தலங்களில் அவ்வேழும் எழுந்தருளியதும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. திருவிழாவில் வாணம் விடுதலும், இன்னியம் முழக்குதலும் உள. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கின்றது. எழுதிய ஓவியன் சிங்காதனம் என்னும் பெயரினன் என்பதும் அவ்வெழுத்தாலேயே விளங்குகின்றது. ஓவியர் பெயர் மறைந்துபோதலே வழக்கமான நம் நாட்டில் இஃது அரிய பேறு. புழுதியும் புகையும் படிந்து கிடந்த அவ்விதானம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தூய்மை செய்யப்பெற்றது. டேவிட் ஷுல்மன், வி. கே. இராஜாமணி என்னும் இருவரும் 2011-இல் அதனை நூலாக வெளியிட்டனர்.

அவ்விளக்க எழுத்துக்களிற் பேச்சு வழக்கும் எழுத்து மயக்கமும் மிகுதி. ளகரமும் லகரமும் இடம் மாறுதல் போல்வன கண்டு எம்போன்ற பண்டிதர் முகஞ்சுளிப்பது இயல்பு. மாணாக்கர்முன் அவ்வாறு சுளித்தல் தகாது என்பேன். என்னையெனின், அவ்வெழுத்து முந்நூறு யாண்டுகட்கு முன்னர்ச் சோழநாட்டு ஓவியன் வாயில் வழங்கிய தமிழ் எவ்வாறிருந்தது என்பதற்குச் சான்று. இலக்கணப் பிழை எனத் திருத்தினால் சான்று அழியும். மேலும் அம்மண்டபம் எத்தகையது? ஆரூரர் திருத்தொண்டத்தொகை அருளுதற்கு ஏதுவாக அடியவர் குழுமியிருந்த இடம் அது என்பது வழக்கு. தொகையைப் பிள்ளைகள் ஓதக் கற்ற பின்னர், அவ்விடத்திலேயே நின்று மேனோக்கி ஓவியங் காண்பது, மார்க்கண்டேயர் வகுத்த பாட்டு முன், சித்திரம் பின் என்னும் முறைக்கும் ஒக்கும்.

இதுகாறும் பெருங்கோயிற் சித்திரங்களைக் கூறினேன். நாட்டார் ஓவியம் என இந்நாளிற் பிரித்துக் கூறுவது வேறொரு பொருள்போலத் தோன்றும். உண்மையில் கோடு ஒன்றே. எங்கள் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர்களில் முத்தாலம்மன் பொங்கல் நிகழும். வேளார் களிமண்ணால் அம்மன் திருவுருவைச் செய்து, வெண்மை பூசி, மஞ்சளும் செம்மையும் கருமையும் தீட்டி, இறுதியிற் கண் திறப்பர். கண்ணெழுதும் வரையில் அது மண், எழுதியபின் தெய்வம். விழா முடிவில் அவ்வுருவை மீண்டும் மண்ணாக்கிவிடுவர். ஆண்டுதோறும் உருவம் அழிய, ஆண்டுதோறும் மீண்டும் செய்யும் வேளார் கையில் மட்டும் அவ்வடிவம் நிற்கின்றது. குற்றாலத்துச் சுவரைக் காட்டிலும் கடிதாக மறைவது இது. எனினும் கற்பிக்குந் தொடர்ச்சி அறாமையால் மறையாதிருக்கின்றது. சடசத்து எனப் பொருள்களை வகுக்கும் சித்தாந்த மாணாக்கர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்குமோ என்று யான் வியந்ததுண்டு. அவ்வேளாரிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்க. ஆயின் கண் திறக்கும் பொழுது அருகே நெருங்கி ஒளிப்படம் எடுக்க விடற்க.

வீட்டு வாயிலிற் கோலமிடும் பெண்மக்கள், புள்ளியெண்ணி வளைகோடு இழைப்பதிற் கண்டிக் கம்மியரின் முதற்பாடத்தைத் தாமே கற்றிருக்கின்றனர். ஆதலின் யான் பள்ளியில் ஓவியம் பற்றி உரைக்கும்போது, முதற்கண் பெண்பிள்ளைகளைப் பலகைக்கு அழைத்து இழைகோலம் இடச்செய்வேன். ஆண்பிள்ளைகள் அன்று மாணாக்கராவர். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, எப்புள்ளியைச் சுற்றாது விட்டது என்று அவர் கண்டு கூறுதல் வேண்டும். பின்னர்க் காவிக்கல்லும், மஞ்சட் காவியும், சுண்ணாம்பும், விளக்குக் கரியும் கொணர்ந்து அரைத்துப் பிசின் கூட்டி வண்ணமாக்குவோம். கடையில் வாங்கும் வண்ணம் நூறு உண்டு; இங்கே நான்கே. நான்கு வண்ணத்தில் ஒரு சுவர் நிரம்பும் என்பதை அரைத்துப் பார்த்த கை அறியும்.

துணியில் எழுதும் மரபும் உண்டு. கோயில்களில் தொங்கும் தொம்பைகளும் விதானத் துணிகளும் கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையிலும், கருப்பூரிலும் கலங்காரி முறையில் எழுதப்பெறுகின்றன. கருப்பூர்க் கலங்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தஞ்சைப் பலகைப் படத்துக்கு அதற்கு முன்னரே அக்குறியீடு கிடைத்தது. பொற்றகடும் கல்லும் பதித்த பலகைப் படங்கள் இன்று மணவீட்டுப் பரிசாக விற்பனையாகின்றன; கோடைக்காலப் பயிற்சி வகுப்புக்களும் பல. அவற்றைப்பற்றி மிகுத்துக் கூறுதற்கு ஒன்றுமில்லை. ஒரு திங்களிற் கற்பது செய்முறை, மரபன்று.

வடநாட்டு மிதிலையில் நிகழ்ந்தது ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். அங்கே பெண்டிர் மணவறைச் சுவரில் தலைமுறையாக எழுதிவந்த ஓவியங்களை, 1934 பூகம்பத்தில் வீடுகள் இடிந்தபோது, ஆர்ச்சர் என்னும் ஆங்கில அலுவலர் கண்டு வியந்தார். 1966-67-இல் வற்கடம் வந்தபோது, கைவினை வாரியத்தார் தாள் கொடுத்து அப்பெண்டிரை எழுதச் செய்தனர். ஓவியம் பிழைத்தது, பசியும் ஓரளவு தீர்ந்தது, ஜகதம்பா தேவி போல்வார்க்கு அரசினர் விருதும் வந்தது. ஆயின் மணநாளில் எழுதி நாளடைவில் மறையவிட்ட சுவர், விலைக்குரிய தாளாயிற்று. இதனைக் குற்றமென்று கூற எனக்குத் துணிவில்லை. பசித்தவர் முன் மரபு பேசுதல் அறமன்று. மாணாக்கர்க்கு இரண்டு பக்கத்தையும் உரைத்து, அவர் கருத்தைக் கேட்டல் போதும்.

எனக்கு மாறாத வருத்தம் ஒன்றுண்டு. இப்பகுதிச் சிற்றூர்க் கோயில் ஒன்றில், மண்டபத்து உட்சுவரில் திருவிளையாடற் காட்சிகள் சில மங்கிய வண்ணத்தில் இருந்தன. வந்திக்குப் பிட்டுக்கு மண்சுமந்த காட்சியில், பாண்டியன் அடித்த அடி எல்லார் முதுகிலும் பட்டதைக் காட்ட, ஓவியன் அரசன், அரசி, ஏவலர், குதிரை என வரிசையாக ஒவ்வொருவர் கையையும் முதுகின்மேல் வைத்து எழுதியிருந்தான். குதிரைக்குக் கையில்லாமையின் அதன் முதுகில் ஒரு செங்கோடு. எல்லா உயிரும் அவன் வடிவம் என்னும் பொருளை அவ்வொரு செங்கோடு விளக்கியது போல் யான் ஓதிய எவ்வுரையும் விளக்கிற்றன்று. குடமுழுக்குக்கு முன் அச்சுவர் முழுதும் வெள்ளையடிக்கப்பட்டு, மேலே பளபளக்கும் எண்ணெய் வண்ணம் பூசப்பட்டது. செய்தவர் பத்தியுடையவரே, பொருளும் தம் கையினின்றே கொடுத்தனர். பழைய அழுக்குப் போயிற்று என்று மகிழ்ந்தனர். அவர் சிறுவராயிருந்த காலத்தில் அச்சுவரின்முன் நிறுத்தி, இவன் பாண்டியன், இது வைகை, இக்கோடு ஏன் என்று எவரேனும் கைகாட்டி உரைத்திருப்பின், சுண்ணாம்பு கரைத்திரார்.

சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் கோயில்களின் பழஞ்செல்வங்களைக் காத்தற்கு எழுபத்தைந்து நெறிகள் வகுத்து ஆணையிட்டது. நன்று. ஆயின் ஆணை சென்றடையாத மண்டபங்கள் பல உள. அவ்விடங்களிற் காவல் அவ்வூர்ப் பிள்ளைகளின் கண்ணே.

மதுரைக்குச் செல்லும் எங்கள் மாணாக்கரைப் பொற்றாமரைக் குளத்தின் மேல்பால் உள்ள ஊஞ்சல் மண்டபத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். குளத்தைச் சூழ்ந்த சுவர்களில் முன்னாளில் இருந்த ஓவியங்களிற் பெரும்பாலன போயின. அங்கே விதானத்தில் அங்கயற்கண்ணி திருமணம் எஞ்சியிருக்கின்றது. இராணி மங்கம்மாளும் விசயரங்க சொக்கநாதரும் கைகூப்பி நிற்கின்றனர். செந்நிறத் தளத்தின்மேல் கருங்கோடு. கூட்டம் நெருக்கும், நின்று காண இடம் அரிது. ஆதலின் பிள்ளைகள் விடியற்காலையிற் சென்று, ஒருவர் பின் ஒருவராக ஒவ்வோர் உருவத்தின் பெயரையும் தாம் அறிந்தவாறு ஏட்டிற் குறித்துக்கொள்வர். வரைதல் அன்று இல்லை. ஊர் திரும்பிய பின், பாராமல், நினைவிலிருந்து வரைவர். சென்ற முறை ஒரு சிறுமி மங்கம்மாளை அம்மையினும் சிறிதாக வரைந்து வந்தாள். ஏன் என்றேன். அரசிதானே, ஐயா என்றாள்.